பொதுச் சுகாதாரத்தில் இளநிலைப் பட்டம்: தங்கையைச் சேர்க்கலாமா?

கொழிஞ்சாம்பாறை வாசகி:
பிளஸ் டூ முடித்த என் தங்கைக்குப் பொதுச் சுகாதார இளநிலைப் பட்டப்படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது. செவிலியர் படிப்பே நல்லது என்கிறார் அப்பா. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

சித்தூர் ஆசிரியர்:
தயங்காமல் சேரட்டும், அம்மா. நம் கிழக்குப் பாலக்காட்டில் பல ஆழ்துளைக் கிணறுகளின் நீரில் ஃபுளோரைடு மிகுதி. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்பது உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பு. அந்த மிகுதியால் பழுப்பேறிய பற்களோடு வரும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் பல் மருத்துவர் சிகிச்சை அளிப்பார். ஆனால் அந்தக் கறை, ஈறுக்குள் பல் உருவாகிய சிறு வயதில் குடித்த நீரால் வந்தது என்பதால், இன்றைய குழாய்நீரை மட்டும் சோதித்தால் காரணம் பிடிபடாது. அன்று எந்தக் கிணற்று நீரைக் குடித்தார்கள் என்று வீடுவீடாகக் கேட்டு, கறை உள்ள பிள்ளைகளையும் இல்லாத பிள்ளைகளையும் ஒப்பிட வேண்டும். நோய் யாருக்கு, எதனால் வருகிறது என்று ஆராயும் நோய்ப்பரவலியலும், அதற்கான கணக்கீட்டைச் சொல்லும் உயிரிப்புள்ளியியலும் கற்றுத்தருவது இதைத்தான். நம் ஊருக்கு இதைவிடத் தேவையான படிப்பு எனக்குத் தெரியவில்லை.

வாளையாறு களப்பணியாளர்:
ஆசிரியர் ஐயா சொல்லும் வேலை அவசியமானது. அந்த வேலைக்கு யாரை நியமிக்கிறார்கள்? கேரளத்தில் இளநிலைச் சுகாதார ஆய்வாளர் பணிக்கு அதற்குரிய பட்டயத்தைக் கேட்கிறார்கள். எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டிலும் அதற்கென உள்ள சான்றிதழ்ப் படிப்பே தகுதி. 2018இல் கோழிக்கோட்டில் நிபா வைரஸ் நோய் பரவியபோது நோயாளிகளுடன் தொடர்பில் இருந்தோரைத் தேடிப் பட்டியலிட்டுக் கண்காணித்தவர்கள் மருத்துவர்களும் செவிலியர்களும் களப்பணியாளர்களுமே. செவிலியர் பட்டம் பெற்றால் வேலை உறுதிப்படும். பொதுச் சுகாதாரத்தில் ஆர்வம் குறையாதிருந்தால் பிறகு முதுநிலையில் அதைப் படிக்கலாம். திருவனந்தபுரத்தில் உள்ள அச்சுத மேனன் சுகாதார அறிவியல் ஆய்வு மையத்தில் 1997 முதலே அந்த முதுநிலைப் படிப்பு இருக்கிறது.

சித்தூர் ஆசிரியர்:
வேலைவாய்ப்பு அறிவிக்கையில் இந்தப் பட்டத்துக்கு இடமில்லாதது அரசு திருத்த வேண்டிய குறை. படித்தவர்கள் பெருகினால்தான் அதைக் கேட்கவும் ஆள் இருக்கும். செவிலியப் படிப்பில் சமுதாய நலம் பல பாடங்களுள் ஒன்று மட்டுமே. நோயாளியின் படுக்கையருகே நான்கு ஆண்டு பயின்றவருக்கு, ஊர் முழுவதையும் எண்ணிப் பார்க்கும் பழக்கம் தானாக வந்துவிடாது.

வாளையாறு களப்பணியாளர்:
அரசு திருத்தும்வரை கல்விக் கடனின் வட்டி காத்திருக்காது, ஐயா. இந்தப் பட்டத்துக்கு இடம் கேட்கும் முதல் வரிசையில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளை நிற்கட்டும்; கடன் வாங்கிப் படிப்பவரை அங்கே நிறுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை. சகோதரி, பணம் கட்டுமுன் பழைய மாணவர்கள் இன்று எங்கே பணியாற்றுகிறார்கள் என்றும், களப்பயிற்சி எத்தனை மாதம் என்றும் கல்லூரியில் எழுத்துமூலம் கேட்டு வாங்குங்கள்.