புதுப்பிப்பு: இரண்டாம் வகுப்பு மகளும் 'அரும்பு' குழுவும்

இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகளை, தொடக்க நிலையில் உள்ளவர்களுக்கான 'அரும்பு' குழுவில் உட்கார வைத்திருக்கிறார்களே, பின்தங்கிவிட்டாளா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு கிராமத்து அரசுப் பள்ளி எங்களுடையது.

ஆசிரியையை நேரில் பார்த்துப் பேசிவிட்டேன். குழந்தைகளுக்கு அடிப்படை வாசிப்பும் கணக்கும் வர வேண்டும் என்று தமிழக அரசு 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையுள்ள குழந்தைகளை, அவரவர் கற்றல் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறார்கள். என் மகள் கணக்கில் மொட்டு, தமிழில்தான் அரும்பு.

எங்கே தடுமாறுகிறாள் என்பதையும் ஆசிரியை காட்டினார். ஓர் அட்டையை நீட்டினார். 'தக்காளி' என்று இருந்ததை இவள் 'தகாளி' என்று படித்தாள். நடுவில் புள்ளி எழுத்து வந்தால் தாண்டிவிடுகிறாள், அவ்வளவுதான். "திட்டாதீங்க, தினமும் நாலு சொல் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள்" என்றார். இப்படிப் பொறுமையாகச் சொல்லும் ஆசிரியை கிடைத்தது எங்கள் பாக்கியம்.

இப்போது மாலையில் அம்மிச்சியுடன் (அம்மாவைப் பெற்ற பாட்டி) கடைவீதிக்குப் போனால் பெயர்ப்பலகைகள்தான் பாடம். நேற்று பஸ் பலகையில் 'சத்தியமங்கலம்' என்பதை 'த்'தில் ஒரு கணம் நின்று, முழுதாகப் படித்துவிட்டாள்! அம்மிச்சிக்குத் தலைகால் புரியவில்லை.

காலை உணவு பற்றிக் கேட்டவர்களுக்கு: எங்கள் பள்ளியிலும் உண்டு, மகள் விரும்பிச் சாப்பிடுகிறாள். கதைப் புத்தகங்களை வீட்டுக்குக் கொடுத்தனுப்பும்படி அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கேட்கப்போகிறேன்.