கேட் போட்டாச்சு

முதலியார்பேட்டை குடும்பம் (குழு), ஞாயிறு காலை

செல்வி அத்தை, 9:12
கடலூர் ரோடு ரயில்வே கேட்டில் நிற்கிறேன். மீன் பையில் ஐஸ் உருகி ஸ்கூட்டரெல்லாம் சொட்டுகிறது. குழம்புக்கு நேரமாகும், யாரும் அவசரப்பட்டு சோறு வடித்துவிடாதீர்கள்.

குமார் சித்தப்பா, 9:14
(பலமுறை பகிரப்பட்டது) புதுச்சேரிக்கு மெட்ரோ உறுதி!! பழைய துணி மில் இடத்தில் பெரிய நிலையம், மேலே கடைகள், அடுக்குமாடி. இன்றே மனை வாங்குங்கள்!!

குமார் சித்தப்பா, 9:14
அண்ணா, பின்பக்க மனையை இப்போதைக்கு விற்க வேண்டாம்.

பெரியப்பா, 9:17
தேதி இல்லை, கையெழுத்து இல்லை. 2020ல் மில்லை மூடியதிலிருந்து அந்த இடத்தில் எத்தனை மாடி கட்டிவிட்டார்கள், எல்லாம் வாட்ஸ்அப்பிலேயே.

மாலா, 9:21
மெட்ரோ தூண் மேல் போனாலே கிலோமீட்டருக்கு இருநூறு கோடிக்கு மேல் ஆகும் சித்தப்பா. 2011 கணக்கெடுப்பில் காரைக்கால், மாகே, ஏனாம் எல்லாம் சேர்த்தே நாம் 12.48 லட்சம் பேர். பஸ்ஸுக்கென்று தனிப் பாதை, டிராம் என்று மற்ற வழிகளையும் ஒப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் மெட்ரோ கேட்கச் சொல்கிறது மத்திய அரசின் 2017 மெட்ரோ கொள்கை.

குமார் சித்தப்பா, 9:22
மும்பையில் சொகுசாக ரயிலில் போய்க்கொண்டு எங்களுக்கு வேண்டாம் என்கிறாய்.

மாலா, 9:26
சொகுசா! நான் இறங்குவது பரேல் பக்கம். 1982 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு அங்கே மில்கள் ஒவ்வொன்றாக மூடி, இடமெல்லாம் மாலும் ஆபீசும் ஆனது. எல்ஃபின்ஸ்டன் ரோடு நிலையத்தின் நடைமேம்பாலம் மட்டும் பழைய அகலத்திலேயே இருந்தது. 2017 செப்டம்பர் 29, மழைக்கு ஒதுங்கிய கூட்டம் அந்தப் படிக்கட்டில் நெரிந்து 23 பேர் செத்துப்போனார்கள். பாதாள மெட்ரோ அந்தப் பக்கம் வந்தது அதற்கெல்லாம் பிறகுதான்.

கார்த்தி, 9:28
சென்னையில் கிளாம்பாக்கமும் அப்படித்தானே. 2023 டிசம்பரில் பஸ் நிலையத்தைத் திறந்தபோது எதிர்ப்பக்கம் மின்சார ரயில் ஓடிக்கொண்டுதான் இருந்தது, நிற்க நிலையம் கிடையாது. பாண்டியிலிருந்து போய் இறங்குகிறவர்கள் ரயிலுக்காக வண்டலூர் போக வேண்டியிருந்தது.

பெரியப்பா, 9:33
நம் மில்லில் சங்கு ஊதி ஷிப்ட் விட்டால் கடலூர் ரோடு முழுக்க சைக்கிள் மணிதான் கேட்கும். பாதிப் பேர் நடந்தே வீட்டுக்குப் போய்விடுவோம். இனி அங்கே ஆபீஸ் வந்தால் ஆள் வெளியூரிலிருந்து வரவேண்டும். அதற்குப் புதிதாக எதற்குப் பாதை? 1879லிருந்து பக்கத்திலேயே தண்டவாளம் கிடக்கிறதே.

மாலா, 9:36
அதைத்தான் சொல்ல வந்தேன் பெரியப்பா. விழுப்புரம் வரை 38 கிலோமீட்டர், மின்சாரமும் வந்துவிட்டது. ஒற்றைப் பாதைதான். எதிர் வண்டிக்கு ஒதுங்க நடுவில் இடம் போட்டுக்கொடுத்தால் அரை மணிக்கு ஒரு சின்ன ரயில் விடலாம். மில் பக்கம் ஒரு நிறுத்தம், வாசலிலேயே டவுன் பஸ். கட்டடம் அதற்கு அப்புறம்.

சித்ரா அக்கா வில்லியனூர், 9:38
விட்டால் முதல் டிக்கெட் எனக்கு. ராத்திரி எட்டு மணிக்கு இறங்கினால் தெரு வரை விளக்கும் நடைபாதையும் இருக்குமா, அதைச் சொல்லு.

கார்த்தி, 9:39
கடலூருக்கு? ரோட்டில் 22 கிலோமீட்டர். ரயிலில் போனால் இன்னும் விழுப்புரத்தைச் சுற்றிக்கொண்டுதான் போகவேண்டும்.

செல்வி அத்தை, 9:41
ஏம்மா மாலா, அரை மணிக்கு ஒரு ரயில் என்றால் போக ஒன்று, வர ஒன்று. மணிக்கு நாலு தடவை கேட் போடுவார்களே?

மாலா, 9:43
ஆமாம் அத்தை. முதலில் இங்கே பாலம் கட்டவேண்டும். அதை விட்டுவிட்டேன்.

பெரியப்பா, 9:43
மீன் பையோடு நிற்கிறவளுக்குத்தான் அது தோன்றுகிறது.

செல்வி அத்தை, 9:44
கேட்டைத் தூக்கிவிட்டார்கள். யாராவது புளியை ஊறப்போடுங்கள்.

குமார் சித்தப்பா, 9:45
அண்ணா, அப்போ மனையை என்ன செய்வது?

பெரியப்பா, 9:45
நீ போய்ப் புளியை ஊறப்போடு.