43 தந்தி எரார் ஹார்ப் ஏலத்துக்கு வருகிறது, வாங்கலாமா?

கேள்வி

வணக்கம். லீட்ஸில் இருக்கிறேன். பக்கத்து ஊர் ஏலத்தில் ஒரு பழைய பெடல் ஹார்ப் (காலால் பெடலை மிதித்து ஸ்வரத்தை மாற்றும் பெரிய ஹார்ப்) வருகிறது. தூணின் உச்சியில் சிறகு வைத்த பெண் உருவங்கள். கழுத்தின் (தந்திகளை மேலே தாங்கும் வளைந்த மரம்) பித்தளைத் தகட்டில் செய்த கம்பெனியின் பெயரும் முகவரியும் எரார், 18 கிரேட் மார்ல்பரோ ஸ்ட்ரீட், லண்டன் என்று பொறித்து ஒரு எண்ணும் இருக்கிறது. மொத்தம் 43 தந்தி, பாதி அறுந்து தொங்குகிறது. ஒலிப்பலகை நடுவில் எழும்பியிருக்கிறது. ஏழு பெடலில் ஒன்று அசையவே இல்லை. மகள் மூன்று வருடமாக லீவர் ஹார்ப் (பெடல் இல்லாமல் கையால் லீவரைத் திருப்பி ஸ்வரத்தை மாற்றும் சிறிய ஹார்ப்) படிக்கிறாள். புதிய பெடல் ஹார்ப் விலை எங்களுக்கு எட்டாது. இதைச் சரிசெய்து அவளுக்குக் கொடுக்கலாமா?

பதில் 1

தம்பி, இதே மாதிரி ஒன்றோடு நான் நாலு வருடம் மல்லுக்கட்டினேன். பலகை எழும்பியதற்குப் பயப்படாதீர்கள். அத்தனை வருடம் தந்தி இழுத்தால் பலகை எழும்பத்தான் செய்யும். விரிசலோ, கீழே பசை விட்டிருப்பதோ இல்லையென்றால் போதும்.

கழுத்தைத்தான் பார்க்க வேண்டும். வாசிப்பவர் உட்காரும் பக்கம் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு தூணோடு சேர்த்து நேராகப் பாருங்கள். தந்திகளெல்லாம் இடப்பக்கம் இழுப்பதால் கழுத்து அந்தப் பக்கம்தான் முறுக்கிக்கொள்ளும். கழுத்தில் ஒவ்வொரு தந்திக்கும் முள் வைத்த சின்ன வட்டு உண்டு; பெடலை மிதித்தால் அது திரும்பித் தந்தியைப் பிடித்து அரை ஸ்வரம் ஏற்றும். கழுத்து முறுக்கினால் அந்த முள்கள் தந்தியைச் சரியாகப் பிடிக்காது. ஸ்வரம் தெளிவாக எழாமல் கரகரக்கும். எனக்கு விற்றவர் இதை மறைத்துவிட்டார். நானும் தங்கப் பூச்சின் அழகில் மயங்கிக் கழுத்தைப் பார்க்கவில்லை.

அப்புறம், தந்திக்கு எத்தனை வட்டு என்று எண்ணுங்கள். இரண்டு இருந்தால் 1810-இல் செபாஸ்டியன் எரார் காப்புரிமை வாங்கிய இரட்டை இயக்கம், அதாவது ஒவ்வொரு தந்தியையும் பெடலால் இரண்டு தடவை அரை ஸ்வரம் ஏற்றலாம். மகள் எந்தச் சுருதியிலும் வாசிக்கலாம். ஒன்றுதான் என்றால் பழைய ஒற்றை இயக்கம், அவள் படிப்புக்கு உதவாது.

அசையாத பெடலில் எண்ணெய் விடவே விடாதீர்கள். என்னுடையதில் யாரோ எப்போதோ ஊற்றிய எண்ணெய் கோந்து மாதிரி இறுகி, தூணுக்குள் ஓடும் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தது. அடிப்பெட்டியில் வண்டு துளைத்த ஓட்டையும் புது மரத்தூளும் இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

பதில் 2

அண்ணா சொன்னது சரி. நான் வாசிப்பவள், தந்தி பற்றிச் சொல்கிறேன். இன்றைய 47 தந்தி கான்சர்ட் ஹார்ப்பின் தடித்த தந்திகளை இதில் மாட்டக் கூடாது, கழுத்து தாங்காது. மெல்லிய நரம்புத் தந்தி (விலங்குக் குடலில் செய்தது) போட்டு, சுருதியை அரை ஸ்வரம் இறக்கி வையுங்கள். ஒரே நாளில் அந்தச் சுருதிக்கு ஏற்றாமல் சில வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். தகட்டில் இருக்கும் அந்த எண்ணைக் குறித்து வையுங்கள். எரார் லண்டன் பட்டறையின் பேரேடுகள் லண்டனில் உள்ள ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக் என்ற இசைக் கல்லூரியில் இருக்கின்றன. முதலில் யார் வீட்டுக்குப் போனது என்றுகூடத் தெரியலாம்.

செலவையும் யோசியுங்கள். என் பழைய ஹார்ப்பைச் சரிசெய்த செலவு ஏல விலையைத் தாண்டியது. ஆனால் அதன் குரல் அத்தனை இதம், இன்றைக்கும் அதைத்தான் முதலில் எடுத்து வாசிக்கிறேன்.

கேட்டவர்

இன்று மகளோடு போய்ப் பார்த்தேன். இரண்டு வட்டு! கழுத்து கொஞ்சம்தான் சாய்ந்திருக்கிறது. அடிப்பெட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்ததில் அந்தப் பெடலின் ஸ்பிரிங் உடைந்து பக்கத்திலேயே கிடந்தது. மரத்தூள் இல்லை. மிச்சமிருந்த சிவப்புத் தந்தி ஒன்றை மகள் மெல்ல மீட்டிவிட்டு, அது அடங்கும்வரை கையை எடுக்காமல் நின்றாள். சனிக்கிழமை ஏலம், கேட்கப் போகிறேன்.