அல்சூர் பட்டாளத்து தாத்தா: பழகினவர்கள் சொல்லுங்கள்

போன மாதம் தவறிப்போன எங்கள் தெரு பட்டாளத்து தாத்தாவைப் பற்றித்தான். பெங்களூர் அல்சூர் ஏரிப் பக்கம், எம்.இ.ஜி. என்கிற பட்டாள முகாமின் மதிலை ஒட்டின தெருக்களில் இருப்பவர்களுக்கு ஆளைத் தெரிந்திருக்கும், காலை ஐந்தரைக்கே குரங்குக் குல்லாவும் கைத்தடியுமாகப் பால் வாங்கப் போவார். வேலூர் பக்கம் கம்மவான்பேட்டைக்காரர், பட்டாளத்துக்கு ஆள் அனுப்பியே பேர் வாங்கின ஊர். பட்டாளத்தின் பொறியியல் படையான மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்தவர். அந்தப் படை 1780ல் ஆரம்பித்தது என்பதால் வயதைக் கேட்டால் "நான் 1780 மாடல்" என்பார். அங்கே சிப்பாய்களைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்களாம், அந்தப் பழக்கத்தில் தன் பேத்தியையும் தம்பி என்றே கூப்பிட்டார்.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது அம்மாவின் தோடு வாசலில் கொட்டியிருந்த மணலில் விழுந்துவிட்டது என்று ஒரே களேபரம். தாத்தா ஒரு சைக்கிள் கம்பியை எடுத்துக்கொண்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு அப்படியே குப்புறப் படுத்துவிட்டார். விரல் அகலம் விரல் அகலமாகச் சாய்த்துச் சாய்த்துக் குத்திக்கொண்டே போகிறார். நேராகக் குத்தினால் சீக்கிரம் முடியுமே தாத்தா என்றேன். "நட்டுக்க குத்தினா மூடியில பட்டு அமுங்கிடும் தம்பி, வெடிச்சிரும். முப்பது டிகிரி சாய்ச்சா பக்கத்துலதான் தட்டும்." தோட்டைச் சொல்லவில்லை, கண்ணிவெடியைச் சொல்கிறார் என்று எனக்கு அப்போது புரியவே இல்லை. ஒன்றரை மணி நேரத்தில் ஒரு கோலிக்குண்டு, ஒரு ஸ்பூன், ஒரு நாலணா. தோடு சாயங்காலம் எங்கள் குளியலறையில் கிடைத்தது, அதை அம்மா கடைசிவரை அவரிடம் சொல்லவில்லை!

1971 டிசம்பரில் பாகிஸ்தானோடு நடந்த சண்டையில் ஷகர்கர் பக்கம் பசந்தர் ஆற்றங்கரையில் கண்ணிவெடி எடுத்தவர்களில் அவரும் ஒருவர். ராத்திரியில், மேலே குண்டு விழுந்துகொண்டிருக்க, டாங்கி போக வழி திறக்க வேண்டும். வழி முழுசாகத் திறப்பதற்குள் டாங்கிகளை உள்ளே விட வேண்டி வந்தது என்பார், அதற்கு மேல் கேட்டால் பேச்சு கறிக்குழம்புக்குப் போய்விடும். அது நன்றாகவே வைப்பார், உப்பு மட்டும் மெஸ் அளவில் விழும்.

* * *

நான் வங்கியில் பென்ஷன் கவுண்டரில் இருந்தவள். நவம்பர் வந்தால் "உயிரோட இருக்கேன்னு எழுதிக் குடுக்க வந்தேம்மா" என்று வருவார். கைரேகை வைத்து உயிர்ச்சான்று கொடுக்கிற ஜீவன் பிரமாண் வந்த பிறகுதான் கஷ்டம், அவர் கைரேகை தேய்ந்துபோய் மெஷின் எடுக்கவே எடுக்காது. பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துவிட்டு "மெஷின் நான் செத்துட்டேங்குது, நீ என்னம்மா சொல்ற?" என்றார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். அப்புறம் பழையபடி காகிதத்திலேயே வாங்கிக்கொண்டோம். போகும்போது மறக்காமல் ஒரு கடலைமிட்டாய் வைத்துவிட்டுப் போவார்.

* * *

நான் அவர் மருமகள். எல்லோருக்கும் நன்றி. தோடு விஷயம் மாமாவுக்குத் தெரியும், "பாத்ரூம்ல கிடைச்சிருக்கும், வெட்கப்பட்டு சொல்லல" என்று அன்றைக்கே வீட்டில் சொல்லிச் சிரித்தாராம்.

லால்பாக் பூங்காவுக்குப் போனால் புல்லில் கால் வைக்க மாட்டார், எங்களையும் விடமாட்டார். "பாதையில வா, முன்னால போறவன் கால் வச்ச இடத்துல வை" என்று குழந்தைகளை அதட்டுவார். காவலாளிக்குப் பயப்படுகிறார் என்றுதான் கல்யாணமான புதிதில் நினைத்தேன், பிற்பாடு இவர்தான் காரணத்தைச் சொன்னார். அதே மாமாதான் சின்னவன் நடை பழகும்போது தன் பாதத்தின் மேல் அவனை நிற்கவைத்து, நடையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடத்திக்கொண்டே இருப்பார், முட்டி வலி என்று ஒரு நாள் சொன்னதில்லை.

போன ஞாயிறு லால்பாக் போயிருந்தோம். சின்னவன் நேராகப் புல்லுக்குள் ஓடினான். பாதையில வாடா என்று கூப்பிட வாயெடுத்துவிட்டு, சும்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.