அண்ணன் ஞானஸ்நானம் வாங்கப் போகிறார், வீட்டில் கொந்தளிப்பு

ஈசூன்வாசி:
நாங்கள் சிங்கப்பூரில் இருக்கும் இந்துக் குடும்பம். என் பெரிய அண்ணனுக்கு வயது 61. வருகிற ஈஸ்டருக்கு முந்தின இரவு கத்தோலிக்கராக ஞானஸ்நானம் வாங்கப் போகிறார். அண்ணி பிறப்பிலேயே கத்தோலிக்கர். கல்யாணமாகி 27 வருடத்தில் ஒருமுறைகூட அவர் இவரை வற்புறுத்தியதில்லை, அதற்கு நானே சாட்சி. அம்மாவின் தலைதிவசம் முடிந்த கையோடு அண்ணன் விஷயத்தைச் சொன்னார். "அம்மா கண்ணை மூடட்டும் என்று காத்திருந்தாயா?" என்று குடும்ப வாட்ஸ்அப்பில் அத்தை கேட்டுவிட்டார். அண்ணன் பதிலே எழுதவில்லை.

பிரிட்டனின் முன்னாள் பிரதமர் டோனி பிளேரையும் இப்படித்தான் கேட்டார்கள். 2007 ஜூனில் பிரதமர் பதவியை விட்டார், டிசம்பர் 21ஆம் தேதி கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். பதவியில் இருந்தபோது ஏன் சேரவில்லை என்று கேட்டவர்களில் நானும் ஒருவன். அவர் தன் நாட்டை இறக்கிவிட்ட ஈராக் போரை என்னால் மறக்க முடியவில்லை. அதே கேள்வி அண்ணன் மேல் விழும்போது வலிக்கிறது. காத்திருந்து சேர்வது ஏமாற்றா?

தெம்பனிஸ் அக்கா:
இல்லை தம்பி. என் வீட்டுக்காரர் 19 வருடம் என்னோடு ஓஃபியர் ரோடு லூர்து மாதா கோவிலுக்குத் தமிழ்ப் பூசைக்கு வந்தார். நற்கருணை (பூசையில் கத்தோலிக்கர்கள் வாங்கும் ஆசீர்வதித்த அப்பம்) வாங்க எல்லாரும் எழும்போது முழங்காலை ஒதுக்கி எங்களுக்கு வழிவிட்டு, பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருப்பார். மகள் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கிய அன்றும் அப்படித்தான். அன்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

மாமனார் ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் பெருமாள் கோவிலிலிருந்து டேங்க் ரோடு வரை காவடி எடுத்துப் போவார். பக்கத்தில் தண்ணீர் பாட்டிலோடு நடப்பது இவர். அப்பா இருக்கும்வரை அதைக் கைவிட இவருக்கு மனசு வரவில்லை. அதைப் போய் ஏமாற்று என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கே போவேன்.

பிளேரும் கத்தோலிக்கரான மனைவி, பிள்ளைகளோடு வருடக்கணக்கில் பூசைக்குப் போனவர்தான். ஆனால் அவர் நற்கருணையும் வாங்கிக்கொண்டிருந்தார். 1996இல் இங்கிலாந்துக் கத்தோலிக்கர்களின் தலைவரான கர்தினால் பேசில் ஹியூம் கடிதம் எழுதி அதை நிறுத்தச் சொன்னார். வெளியே இருப்பவர்களுக்குத்தான் 2007 திடீரென்று தெரிந்தது.

புக்கிட் பாத்தோக்:
அக்கா சொன்னது மனதைத் தொட்டது. ஆனால் பிளேரை இதில் சேர்க்காதீர்கள். அவர் நாட்டை ஆண்டவர். கருக்கலைப்பு விஷயத்தில் நாடாளுமன்றத்தில் திருச்சபைப் போதனைக்கு எதிராக வாக்களித்தவர். ஆன் விடிகோம் அம்மையார் 1993இல் தானும் மதம் மாறிய எம்பி. அவர் கேட்டது இதைத்தான்: பிளேர் மனம் மாறிவிட்டாரா? திருச்சபை போதிக்கும் எல்லாவற்றையும் நம்புகிறேன் என்று சபை முன்னால் சொல்லித்தானே சேருகிறார்கள்? வெளிப்படையாகச் செய்ததற்கு வெளிப்படையாகப் பதில் வேண்டும். நான் கத்தோலிக்கன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

மறைக்கல்வி ஆசிரியர், ஹவ்காங்:
ஒரு விளக்கம். பிளேர் ஆங்கிலிக்கனாக, அதாவது இங்கிலாந்துத் திருச்சபையில், இருந்தவர்; ஏற்கெனவே ஞானஸ்நானம் பெற்றவர். ஒருவருக்கு அது ஒருமுறைதான். அப்படி வருகிறவர்கள் சேரும் முன்பு பாவசங்கீர்த்தனம் செய்வார்கள், அதாவது சாமியாரிடம் தங்கள் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்பார்கள். அங்கே என்ன சொன்னார் என்பதை எந்தச் சாமியாரும் வெளியே சொல்ல முடியாது. புக்கிட் பாத்தோக் நண்பர் பதில் கேட்பது நியாயம்தான், நானும் கேட்பேன். ஆனால் மனம் வருந்தவே இல்லை என்று முடிவுகட்ட நமக்கு வழியில்லை.

ஈசூன்வாசி, உங்கள் அண்ணனுக்கு அந்தச் சங்கீர்த்தனம் கிடையாது. ஞானஸ்நானத் தண்ணீரே எல்லாவற்றையும் கழுவிவிடும் என்பது எங்கள் விசுவாசம். அன்று இரவு நீங்கள் தாராளமாக வரலாம். நற்கருணை வாங்க மட்டும் எழ வேண்டாம், உட்கார்ந்தபடியே இருங்கள்.

ஈசூன்வாசி:
எல்லாருக்கும் நன்றி. அக்கா சொன்ன தண்ணீர் பாட்டில் கதையை அத்தைக்கு ஃபோனில் வாசித்துக் காட்டினேன். எங்கள் அண்ணனும் அம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்து எத்தனை வெள்ளிக்கிழமை கோவிலுக்குத் தள்ளிக்கொண்டு போனார் என்று அத்தைக்குத் தெரியும். "ம்" என்று மட்டும் சொன்னார். வருவாரா தெரியவில்லை. நான் போகிறேன்.

ஒரு சின்னக் கேள்வி. அன்று எல்லாரும் மெழுகுவத்தி பிடிப்பார்களாமே, எனக்கும் கொடுப்பார்களா?

தெம்பனிஸ் அக்கா:
கொடுப்பார்கள் தம்பி. அத்தைக்கும் சேர்த்து இரண்டு கேட்டு வாங்கி வையுங்கள். மெழுகு கையில் சொட்டும், பார்த்துப் பிடியுங்கள்.