சப்ஜங்டிவுக்குத் தமிழ்ப் பெயர்: ஒரு முன்மொழிவு

அனுப்பியவர்: திருவையாற்று மாணவி

குழுமத்துப் பெரியவர்களுக்கும் அண்ணன், அக்காமார்களுக்கும் வணக்கம்.

போன வாரம் நான் கேட்ட கேள்விக்கு இத்தனை பதில்கள் வரும் என்று நினைக்கவில்லை. ஸ்பானிய இலக்கணத்தின் ‘சுப்ஹுந்தீவோ’, நாம் சப்ஜங்டிவ் என்று சொல்லும் அந்த வினை வடிவத்துக்கு (விருப்பம், ஐயம், உணர்ச்சி போன்றவற்றைச் சொல்லும்போது சாதாரண வினைக்குப் பதிலாக வருவது), நான்கு தமிழ்ப் பெயர்கள் வந்தன: ஐயநிலை வினை, விருப்ப வினை, சார்பு வினை, வியங்கோள். நான்கையும் குறிப்பேட்டில் எழுதிவைத்து, என் பயிற்சி வாக்கியங்களில் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தேன்.

நான் பல்கலைக்கழகத்தில் ஸ்பானியத்தை விருப்பப் பாடமாக எடுத்தவள். இப்போது பி2 நிலையில் இருக்கிறேன். ஐரோப்பிய மன்றம் 2001-ல் வெளியிட்ட மொழித்திறன் அளவுகோலில் ஆறு படிகள். அதில் இது நான்காவது. பி1 வரை சப்ஜங்டிவை ஓரமாக வைத்து ஒப்பேற்றலாம். பி2-ல் முடியாது. கட்டுரை, கடிதம், வாதம் எதை எழுதினாலும் இரண்டாவது வரியிலேயே அது வந்து நிற்கும். எனக்குப் பின்னால் வரும் மாணவர்களுக்காகத் தமிழில் குறிப்பு எழுதுகிறேன். அதற்காகத்தான் இந்தப் பெயர் தேவைப்படுகிறது.

முதலில் ‘ஐயநிலை’. இதை நானே இரண்டு பருவமாகப் பயன்படுத்தினேன், அதனாலேயே ஒரு தவறும் செய்தேன். ‘நீ வந்திருப்பது எனக்கு மகிழ்ச்சி’ என்று ஒரு கடிதத்தில் எழுத வேண்டியிருந்தது. வந்தவர் எதிரில் உட்கார்ந்திருக்கிறார், இதில் ஐயம் ஏது என்று நினைத்து, ‘மே அலேகிரா கே ஆஸ் வெனீதோ’ என்று சாதாரண வினையைப் போட்டேன். ஆசிரியர் ‘ஆஸ்’ என்பதை வட்டமிட்டு ‘ஆயாஸ்’ என்று திருத்தியிருந்தார். அதுதான் சப்ஜங்டிவ். நடந்து முடிந்த, கண்ணால் பார்த்த ஒன்றுக்கும் அந்த வடிவம் வருகிறது. பெயர் என்னைத் தவறான இடத்துக்கு அழைத்துப் போயிருக்கிறது. ‘விருப்ப வினை’யும் இதே இடத்தில் சறுக்குகிறது.

‘சார்பு வினை’ லத்தீன் மூலத்துக்கு நெருக்கமான பெயர். ‘சப்ஜங்டிவ்’ என்ற சொல்லின் லத்தீன் வேரே ‘கீழே நுகத்தில் பூட்டுவது’ என்பதுதான். ஒரு வாக்கியத்துக்குள் அடங்கி வரும் வினை என்று பொருள். ஆனால் ‘அவன் வருகிறான் என்று நினைக்கிறேன்’ என்பதிலும் ‘வருகிறான்’ அடங்கித்தான் வருகிறது. ஸ்பானியத்தில் அங்கே சாதாரண வினை. ‘அவன் வருகிறான் என்று நான் நினைக்கவில்லை’ என்று மறுத்தால்தான் சப்ஜங்டிவ். இன்னொரு பக்கம், ‘ஓஹலா’ என்று தொடங்கும் வாக்கியத்தில் எதையும் சாராமல் தனியாகவே நிற்கும். ‘ஓஹலா யுவேவா’ என்றால் ‘மழை பெய்யட்டும்’. (அந்த ‘ஓஹலா’ அரபியிலிருந்து போனது, ‘இறைவன் நாடினால்’ என்று பொருள். முதல்முறை படித்தபோது நாகூர்த் தோழி பேச்சுக்குப் பேச்சு சொல்லும் ‘இன்ஷா அல்லாஹ்’ காதில் கேட்டது. அன்றிலிருந்து அந்தச் சொல்லுக்கு மனப்பாடம் தேவைப்படவில்லை.)

‘வியங்கோள்’ நம்முடைய சொத்து, அதை விட மனம் வரவில்லை. ஆனால் அது வாழ்த்து, வசவு, வேண்டல், விதித்தல் என்ற எல்லைக்குள் நிற்பது. ‘நீ வந்தது மகிழ்ச்சி’ என்பதை வியங்கோள் என்று சொன்னால் தமிழ் இலக்கணத்தையும் குழப்பிவிடுவோம்.

அப்படியென்றால் இந்த எல்லா இடங்களுக்கும் பொதுவாக இருப்பது என்ன? எனக்குத் தெளிவு வந்தது எங்கள் வீட்டுத் திண்ணையில்தான்.

மேட்டூர் அணையைக் குறுவைக்கு ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். 2024-ல் அந்த நாள் கடந்தும் திறக்கவில்லை, ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். அந்த இடைப்பட்ட நாட்களில் அப்பா யாரிடம் பேசினாலும் ‘தண்ணி வந்தா நாத்து விடலாம்’ என்பார். மற்ற ஆண்டுகளைப் பற்றிப் பேசும்போதும் ‘தண்ணி வந்தா நாத்து விடுவோம்’ என்றுதான் சொல்வார். ‘தண்ணி வந்தா’ என்பது இரண்டிலும் ஒன்றுதான். ஸ்பானியத்தில் அதை அப்படி வைக்க முடியாது. ஆண்டுதோறும் நடப்பதைச் சொன்னால் ‘குவாந்தோ யேகா எல் ஆகுவா’. இன்னும் வராத தண்ணீரைச் சொன்னால் ‘குவாந்தோ யேகே எல் ஆகுவா’. ஒரே ஓர் உயிரெழுத்துதான் மாறுகிறது, ஆகாரம் ஏகாரமாகிறது. முதல் வாக்கியத்தில் ‘தண்ணீர் வருகிறது’ என்று பேசுபவர் உறுதியாக அறிவிக்கிறார். இரண்டாவதில் தண்ணீர் வருவதைக் குறிப்பிடுகிறார், வருகிறது என்று அறிவிக்கவில்லை.

இந்தக் கண்ணோட்டம் என் கண்டுபிடிப்பு இல்லை. ஹோசே பிளாசிதோ ருயிஸ் காம்பியோ போன்ற ஸ்பானிய இலக்கண ஆசிரியர்கள் இப்படித்தான் விளக்குகிறார்கள்: சாதாரண வினை அறிவிக்கிறது, சப்ஜங்டிவ் அறிவிக்காமல் விடுகிறது. ‘நீ வந்தது மகிழ்ச்சி’ என்னும்போது நான் அறிவிப்பது என் மகிழ்ச்சியை. நீ வந்த செய்தி நம் இருவருக்கும் ஏற்கெனவே தெரியும், அதை நான் அறிவிக்கவில்லை. அவன் வருவதாக நினைக்கவில்லை என்னும்போதும் அவன் வருகையை நான் அறிவிக்கவில்லை. மழை பெய்யட்டும் என்னும்போதும் அப்படியே. எல்லா இடமும் ஒரே கயிற்றில் வந்துவிடுகிறது.

வீடு பார்க்கும் பேச்சையும் யோசித்துப் பாருங்கள். தரகரிடம் ‘கிணறு உள்ள வீடாப் பாருங்க’ என்கிறோம். அப்படி ஒரு வீடு இருக்கிறது என்று நாம் சொல்லவில்லை, இருந்தால் நல்லது. ஸ்பானியர் அந்த ‘உள்ள’ என்பதற்குத் ‘தெங்கா’ என்று சப்ஜங்டிவ் போடுவார். தெரிந்த ஒரு வீட்டைத் தேடிப் போகும்போது ‘கிணறு உள்ள வீட்டைத் தேடுறேன்’ என்போம். அவர் ‘தியேனே’ என்பார். அந்த ‘வீடா’வில் இருக்கும் ஆகாரம் இந்த வேலையைச் செய்கிறது என்று தெரிந்த அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஆகவே என் முன்மொழிவு: சாற்றாப் பாங்கு. சாற்றுதல் என்றால் ஊரறிய அறிவித்தல். ‘கூறா’ என்று வைக்காததற்குக் காரணம், இங்கே கூறத்தான் செய்கிறோம். தண்டோரா போட்டு ‘இது உண்மை’ என்று சாற்றவில்லை, அவ்வளவுதான். வினையின் மனநிலையைக் குறிக்கப் பாங்கு. எதிர்ப்பக்கம் சாதாரண வினைக்குச் ‘சாற்றுப் பாங்கு’.

குறை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

அனுப்பியவர்: காரைக்கால் பிரெஞ்சு ஆசிரியை

தங்கைக்கு வணக்கம். 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர்க்காரி நான், அதனால் பிரெஞ்சையும் நினைத்துத்தான் பார்க்க முடிகிறது. சப்ஜங்டிவ் என்ற பெயர் இரண்டு மொழிக்கும் பொது. தமிழ்ப் பெயரும் இரண்டுக்கும் தாங்க வேண்டும்.

உங்கள் ‘நீ வந்தது மகிழ்ச்சி’ பிரெஞ்சிலும் சப்ஜங்டிவ்தான், பொருந்துகிறது. ஆனால் ‘நீ வருவாய் என்று நம்புகிறேன்’ என்பதற்கு ஸ்பானியர் சப்ஜங்டிவ் போடுவார், பிரெஞ்சுக்காரர் சாதாரண எதிர்காலம் போடுவார். உங்கள் ‘தண்ணி வந்தா’ வாக்கியமும் அப்படியே. இன்னும் வராத தண்ணீருக்குப் பிரெஞ்சில் எதிர்கால வினை போதும். ஒரே செய்தியை ஒரு மொழி சாற்றுகிறது, இன்னொரு மொழி சாற்றவில்லை என்று மாணவர்களுக்கு எப்படிச் சொல்வது?

மற்றபடி ‘ஐயநிலை’யைக் கைவிட்டது சரி. என் மாணவர்களும் அந்தப் பெயரால் உங்களைப் போலவே தவறு செய்கிறார்கள்.

அனுப்பியவர்: நாகூர் அண்ணன்

ஒரே ஒரு விஷயம். எங்கள் பக்கம் ‘பாங்கு’ என்றால் தொழுகை அழைப்பு. ஐந்து வேளையும் பாங்கு சொல்வதைக் கேட்டுத்தான் நாள் நகர்கிறது. அழைப்பதும் ஊரறியச் சாற்றுவதும் ஒன்றுதானே. ‘சாற்றுப் பாங்கு’ என்று படித்ததும் எனக்குப் பள்ளிவாசல்தான் மனதில் வந்தது, இலக்கணம் வரவில்லை. ‘சாற்றா’ நன்றாக இருக்கிறது. பாங்கை மட்டும் மாற்ற முடியுமா பாருங்கள், தங்கச்சி.

அனுப்பியவர்: கும்பகோணம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

மகளுக்கு வாழ்த்துகள். வியங்கோளை முன்மொழிந்தவன் நான்தான். திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். க, ய, ர் என்று ஈறு சொல்லி நன்னூலார் வகுத்துவைத்த ஒன்றை நீட்டி இழுப்பது முறையில்லை என்று நீ சொன்னது சரிதான்.

நேற்று முழுக்க ‘தேற்றம்’, அதாவது உறுதி, என்ற சொல்லை யோசித்துக்கொண்டிருந்தேன். தேற்ற ஏகாரம் நமக்குத் தெரியும்: ‘உண்டே மறுமை’. தேற்ற வினை, தேற்றா வினை என்று வைத்தால் மரபோடு ஒட்டும் என்று தோன்றியது. ஆனால் தேற்றத்துக்கு எதிர்ப்பதம் ஐயம். சுற்றிவந்து நீ விட்டுவிட்ட ‘ஐயநிலை’யிலேயே நிற்க வேண்டிவரும். ஆகவே அதையும் விட்டேன்.

சாதாரண வினைக்குத் ‘தெரிநிலை’ என்று யாராவது சொல்ல வருவார்கள், முன்கூட்டியே தடுத்துவிடுகிறேன். தெரிநிலை வினை, குறிப்பு வினை என்பது காலம் வெளிப்படையாகத் தெரிவதையும் தெரியாததையும் வைத்துச் செய்த பிரிவு. அதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

‘சாற்று’ பற்றி எனக்கு ஒரு நெருடல். கோயிலில் பெருமாளுக்கு மாலை சாற்றுகிறார்கள். கும்பகோணத்தில் அந்தப் பொருள்தான் முதலில் காதில் விழும். ஆனால் பேச்சில் அது ‘சாத்துவது’ ஆகிவிடும், வினை என்ற சொல்லோடு சேர்த்துப் படிக்கும்போது மாலையை யாரும் நினைக்க மாட்டார்கள். ஏற்கலாம்.

நாகூர்த் தம்பி சொன்னதை வைத்துப் பாங்கை எடுத்துவிட்டு வினை என்றே வை. அதில் இன்னொரு நன்மையும் உண்டு. ‘சாற்றா’ ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். பாங்கு வந்தால் வலி மிகும், ‘சாற்றாப் பாங்கு’. ‘சாற்று’வை வினைத்தொகையாகக் கொண்டால் வலி மிகாது, ‘சாற்று பாங்கு’. பெயராகக் கொண்டால் மிகும். மாணவர்கள் ஒற்றிலேயே இடறுவார்கள். ‘சாற்று வினை, சாற்றா வினை’ என்றால் இந்தத் தொல்லையே இல்லை.

அனுப்பியவர்: திருவையாற்று மாணவி

ஐயா, நீங்கள் திரும்பப் பெற்றதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் கலக்கமாகத்தான் இருந்தது. வியங்கோளை வைத்துத்தான் ‘மழை பெய்யட்டும்’ வகையை முதலில் புரிந்துகொண்டேன். குறிப்பில் அதற்கு இடம் உண்டு: ‘சாற்றா வினையின் ஒரு பகுதி நம் வியங்கோளின் வேலையைச் செய்கிறது’ என்று எழுதப் போகிறேன். ஒற்றுப் பற்றிச் சொன்னது நான் யோசிக்காத ஒன்று.

நாகூர் அண்ணன், பாங்கை எடுத்துவிட்டேன். தோழி வீட்டில் எத்தனையோ முறை கேட்ட சொல், எனக்கே முதலில் தோன்றியிருக்க வேண்டும்.

காரைக்கால் அக்காவின் கேள்விக்குத்தான் மூன்று நாள் எடுத்துக்கொண்டேன். எனக்குத் தோன்றியது இதுதான். நம்பிக்கையை வெளியிடும்போது, ‘நீ வருவாய்’ என்பதையும் சேர்த்து அறிவிப்பதாகப் பிரெஞ்சு எடுத்துக்கொள்கிறது. ஸ்பானியம் நம்பிக்கையை மட்டும் அறிவித்துவிட்டு, வருகையை அறிவிக்காமல் நிறுத்திக்கொள்கிறது. தமிழிலும் இரண்டும் உண்டே, அக்கா. ‘நீ வருவேன்னு நம்புறேன்’ என்றும் சொல்கிறோம், ‘நீ வரணும்னு நம்பி இருக்கேன்’ என்றும் சொல்கிறோம். முதலாவதில் ‘வருவே’ என்று சாற்றிவிடுகிறோம், இரண்டாவதில் சாற்றவில்லை. எங்கே கோடு கிழிப்பது என்பது மொழிக்கு மொழி மாறும். பெயர் அந்தக் கோட்டைச் சொல்ல வேண்டியதில்லை, கோட்டின் இந்தப் பக்கம் என்ன, அந்தப் பக்கம் என்ன என்று சொன்னால் போதும். பிரெஞ்சில் இது உடையும் இடம் வேறு ஏதாவது இருந்தால் அவசியம் எழுதுங்கள். ஸ்பானியத்துக்கு மட்டும் பொருந்தும் பெயராக இதை வைக்க எனக்கு விருப்பமில்லை.

குறிப்பின் முதல் பக்கத்தை மாற்றி எழுதி, கீழ்வகுப்பு மாணவர்கள் மூவரிடம் கொடுத்தேன். மூவருமே டெல்டாப் பிள்ளைகள். மேட்டூர் வாக்கியங்கள் இரண்டையும் தமிழில் மட்டும் கொடுத்து, எதில் சாற்றா வினை வரும் என்று கேட்டேன். இருவர் உடனே சரியாகச் சொன்னார்கள். மூன்றாவது பெண் வேதாரண்யத்துக்காரி, ஆற்றுத் தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் கடைமடை. அவள் இரண்டுக்குமே சாற்றா வினை என்றாள். ஏன் என்று கேட்டேன். ‘எங்க ஊருக்கு வருஷா வருஷம் தண்ணி வரும்னு எப்படிக்கா சொல்றது?’ என்றாள்.

அவளுக்கு நான் வேறு எடுத்துக்காட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். வேதாரண்யத்துக்கு உப்பளம் பொருந்தும் என்று நினைக்கிறேன். யாருக்காவது அங்கத்துப் பேச்சு தெரிந்தால், உப்பு வாருவது பற்றி ஆண்டுதோறும் சொல்லும் ஒரு வாக்கியமும், இனி நடக்கப் போவது பற்றிச் சொல்லும் ஒரு வாக்கியமும் அனுப்புங்கள். வெள்ளிக்கிழமைக்குள் கிடைத்தால் அச்சுக்குப் போகும் முன் சேர்த்துவிடுவேன்.