சோலைக்காட்டின் சிறிய அணிலை அடையாளம் காண உதவுங்கள்

நண்பர்களே, நீலகிரிக் கோட்டு அணிலைப் பற்றிக் குறிப்புகள் திரட்டி வருகிறேன். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரமான காடுகளில், புதர்களுக்கடியில் தரையை ஒட்டித் திரியும் மிகச் சிறிய அணில் இது. வீட்டு முற்றத்துக்கு வரும் அணிலின் முதுகில் வெண்கோடுகள் பளிச்சென்று தெரியும். இதற்கோ கரும்பட்டைகளுக்கு நடுவே மங்கலான மூன்று கோடுகள்தான், அவையும் குட்டையானவை. நிழலில் ஓடி மறையும்போது கோடே கண்ணில் படாது. இவ்வளவு அழகான உயிரைப் பலர் கேள்விப்பட்டதுகூட இல்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

இதன் அறிவியல் பெயர் ஃபுனாம்புலஸ் சப்லினியேட்டஸ்; 1838-இல் இதை முதலில் விவரித்தவர் விலங்கியலாளர் வாட்டர்ஹவுஸ். இலங்கையில் வாழும் இதையொத்த அணிலும் நெடுங்காலம் இதே இனத்தில்தான் அடக்கப்பட்டிருந்தது. 2012-இல் வெளியான ஆய்வுதான் அதை ஃபுனாம்புலஸ் அப்ஸ்கியூரஸ் என்ற தனி இனமாகப் பிரித்தது. அதனால் பழைய நூல்களின் அளவுகளில் எது எந்த அணிலுக்குரியது என்று பிரித்தெடுப்பது பெரும்பாடாக இருக்கிறது. நீலகிரிக் கோட்டு அணிலின் உடல் நீளம், வால் நீளம் மட்டும் தனியாகத் தரப்பட்ட பட்டியல் யாரிடமாவது இருக்கிறதா?

இன்னொரு சிக்கல், அதே மலைகளில் வாழும் மூவரிக் காட்டு அணில். அதன் குட்டியைப் படத்தில் பார்த்து, அது நீலகிரிக் கோட்டு அணில் அல்ல என்று உறுதிசெய்ய எந்த அடையாளத்தை நம்புகிறீர்கள்? முதுகு தெளிவாகத் தெரியும் படங்கள் இருந்தால், இடமும் அதன் கடல்மட்ட உயரமும் குறித்து அனுப்புங்கள். படத்துக்காக அதைத் துரத்தவோ பிடிக்கவோ வேண்டாம்.